உலகத்தின் இரண்டாவது பெரிய கிட்டார்காரன்

ஜூன் 6, வெள்ளி

நேற்று ராத்திரி 'ஸ்வீட் அண்ட் லோடவுன்' பார்த்தேன். உடி ஆலன் 1999-இல் எடுத்த படம், ஒன்றரை மணி நேரம் சொச்சம். கதை 1930-களின் அமெரிக்காவில் நடக்கிறது. எம்மெட் ரே என்ற ஜாஸ் கிட்டார்காரன் போகிற இடமெல்லாம் "உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லி வாய் மூடுவதற்குள் "பிரான்சில் ஒரு ஜிப்சி இருக்கிறான், அவனைத் தவிர" என்று சுருதி இறங்கிவிடுகிறது. அந்த ஜிப்சி ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், நிஜமாகவே வாழ்ந்த ஜாஸ் கிட்டார் மேதை. அவரை நேரில் பார்த்தால் இவனுக்கு மயக்கமே வந்துவிடும்.

குடி, சூதாட்டம், கச்சேரிக்கு நேரத்துக்கு வராதது, கண்ணில் பட்ட சின்னப் பொருளைச் சட்டைப்பைக்குள் தள்ளுவது, பெண்களை வைத்துத் தரகு பார்ப்பது என்று எம்மெட்டிடம் இல்லாத கெட்ட பழக்கம் குறைவு. பொழுதுபோக்கு என்று கேட்டால் குப்பைமேட்டில் எலி சுடுவதும், ரயில் போவதை வேடிக்கை பார்ப்பதும். பழகும் பெண்களையும் அங்கேதான் கூட்டிப் போகிறான். ஷான் பென் மெல்லிய மீசையும் விறைத்த நடையுமாக வருகிறார். சிரித்துக்கொண்டே இருந்தேன், இப்படி ஒரு ஆள் நம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு.

எம்மெட் கற்பனை ஆள். ஆனால் நடுநடுவே உடி ஆலனும், நிஜமான ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃபும் கேமராவைப் பார்த்து அவனைப் பற்றிப் பேட்டி கொடுக்கிறார்கள். பெட்ரோல் பங்க் கொள்ளை ஒன்றை மூன்று விதமாகச் சொல்கிறார்கள், மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பழைய கலைஞர்களைப் பற்றிய கதைகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல கிண்டல் கிடையாது.

ஜூன் 7, சனி

அக்கா பையன் வந்திருந்தான். இரண்டு வருஷமாக கிட்டார் கற்றுக்கொள்கிறவன். படத்தைப் போட்டதும் கதையை விட்டுவிட்டு ஷான் பென்னின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான், பின்னால் ஓட்டினான், வேகத்தைக் குறைத்தான். "மாமா, விரல் சரியான இடத்துக்குத்தான் போகுது, ஏமாத்தல" என்றான். கதாநாயகன் கிட்டாரின் கழுத்தைச் சும்மா தடவிக்கொடுத்தே வாசிப்பதாகக் காட்டும் படங்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இது அதிர்ச்சிதான்.

படத்தில் கேட்கிற வாசிப்பு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஹோவர்ட் ஆல்டனுடையது. பென்னுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. இசைப் பொறுப்பு பியானோ கலைஞர் டிக் ஹைமன். ஆக, திரையில் நாம் பார்க்கும் எம்மெட்டின் கை ஒருவருடையது, சத்தம் இன்னொருவருடையது. அப்படியும் ஒட்டுத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

அந்த ஒட்டு தெரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விரலைவிட அதுதான் முக்கியம் என்று படுகிறது. ஹாட்டி.

நியூ ஜெர்சி கடற்கரையில் எம்மெட் சந்திக்கும் சலவைக்காரப் பெண். வாய் பேச முடியாதவள். ஊமை என்று தெரிந்ததும் எம்மெட் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், லாட்டரியில் தோற்றவன் கெட்டான். சமந்தா மோர்டனுக்குப் படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. பழைய படங்களில் வாய் பேசாமலே சிரிக்கவைத்த ஹார்போ மார்க்ஸ் மாதிரி நடிக்கச் சொன்னாராம் ஆலன். யார் அது என்று இந்த இளம்பெண் திருப்பிக் கேட்டாராம். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு பென், மோர்டன் இருவருமே பரிந்துரைக்கப்பட்டார்கள், இருவருக்கும் கிடைக்கவில்லை.

முதல் நாள் அவன் அறையில் ஒரு காட்சி. அவன் அலட்டிக்கொண்டே இருக்கிறான். பிறகு கிட்டாரை எடுக்கிறான். கேமரா அவனை விட்டு ஹாட்டியின் முகத்துக்குப் போகிறது. பெரிய ஆச்சரியமெல்லாம் காட்டுவதில்லை அவள். அதுவரை இங்குமங்கும் அலைந்த கண் ஓரிடத்தில் நிற்கிறது, வாய் லேசாகத் திறக்கிறது, அவ்வளவுதான். இந்த முரடனிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிகிற அதே நேரம் நமக்கும் தெரிந்துவிடுகிறது. ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அவன் மேதை என்று நம்புவது அவள் கேட்கிற விதத்தால்தான். ஒரு பாத்திரத்தின் திறமையை நிரூபிக்கும் வேலையைக் கேட்பவளிடம் கொடுத்திருக்கிறார் ஆலன். கெட்டிக்காரத்தனம்.

எம்மெட்டுக்கு மட்டும் இது புரியாது. கலைஞன் எந்தப் பெண்ணோடும் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்று அவளிடமே பிரசங்கம் செய்கிறான். பதில் சொல்ல முடியாதவளிடம் பேசுவது சுலபம். ஒருநாள் ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயும் விடுகிறான்.

ஜூன் 10, செவ்வாய்

நிலாக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறை நிலா வடிவில் பலகை செய்து, அதில் உட்கார்ந்து மேடைக்கு இறங்கி வர வேண்டும் என்று எம்மெட்டுக்கு ஆசை. தச்சுவேலை முடிந்து, பொன்வண்ணம் பூசி, அன்று குடித்துவிட்டு ஏறி, நிலா ஆடி ஆடி இறங்கும்போது பென்னின் முகத்தில் உயிர்பயமும் பெருமையும் ஒன்றாக வருகின்றன. ஒளிப்பதிவு சீனாவின் ஜாவோ ஃபெய். 'ரெய்ஸ் த ரெட் லான்டர்ன்' என்ற சீனப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். ஆங்கிலம் தெரியாமல் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே இந்தப் படத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாளாக நிஜ ஜாங்கோதான் காதில். 1910-இல் பெல்ஜியத்தில், ரோமா (ஜிப்சி) குடும்பத்தில் பிறந்தவர். 1928 நவம்பரில் ஒரு ராத்திரி அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் குப்பென்று பற்றிக்கொண்டன. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. அப்போது வயது 18. மீதி இரண்டு விரல்களை வைத்துத்தான் அந்த வேகமெல்லாம். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு பாரிசில் ஐவர் குழு. டிரம்ஸ் கிடையாது, எல்லாம் தந்தி வாத்தியங்களே.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜாங்கோவும் லேசுப்பட்டவர் இல்லை. பில்லியர்ட்ஸ், சூதாட்டம், கச்சேரிக்கு மட்டம். 1946-இல் அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனோடு வாசிக்க அமெரிக்கா போனபோது கிட்டாரே எடுத்துக்கொண்டு போகவில்லை. நியூயார்க்கின் கார்னகி ஹால் கச்சேரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். 1953-இல், 43 வயதில், பக்கவாதத்தில் இறந்துவிட்டார். எம்மெட் எந்த மனிதனை நினைத்து நடுங்கினானோ அவருடைய கெட்ட பழக்கங்கள் அத்தனையும் அவனிடம் ஏற்கெனவே இருந்தன. வராதது வேறு ஏதோ ஒன்றுதான்.

ஜூன் 14, சனி

அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்று கண்டுபிடிக்கத்தான் பிளான்ச் வருகிறாள். உமா தர்மன். எழுத்தாளர், பணக்காரி, எம்மெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு அவனைக் குறிப்பெடுத்துத் தள்ளுகிறாள். வாசிக்கும்போது மனசுக்குள் என்ன ஓடும் என்று உருகிக் கேட்டால், எனக்குச் சம்பளம் குறைவு என்று சில சமயம் தோன்றும் என்கிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். பிளான்ச் ஓயாமல் விளக்கம் சொல்கிறாள், ஆனால் அவன் வாசிப்பை அவள் காதுகொடுத்துக் கேட்டு நான் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு ரவுடியிடம் போகிறாள், அவனையும் ஆராய்ச்சி செய்ய.

முடிவைச் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எம்மெட் ஹாட்டியைத் தேடிப் போகிறான். தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று அவள் எழுதிக் காட்டுகிறாள். ஒன்றும் நடக்காததுபோல் சமாளித்துவிட்டு வருகிறான். பிறகு வேறொரு பெண்ணை ரயில் பார்க்கக் கூட்டிப்போய் அவளுக்கு வாசிக்கிறான். வாசிப்பு பிரமாதம். அந்தப் பெண்ணுக்கோ எப்போது கிளம்பலாம் என்றிருக்கிறது. ஹாட்டியின் முகம் இருந்த இடத்தில் இந்த முகம். கிட்டாரைக் கம்பத்தில் அடித்து உடைத்துக்கொண்டு, தப்பு பண்ணிவிட்டேன் என்று கத்துகிறான்.

அதற்குப் பிறகு வாசித்தவை ஜாங்கோவுக்கு இணையாக இருந்தன என்று பேட்டியில் சொல்லி முடிக்கிறார்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனசு உடைந்தால் வாசிப்பு உயர்ந்துவிடும் என்பது பேட்டி கொடுப்பவர்களுக்குப் பிடித்த கதை. ஹாட்டி முதன்முதலில் கேட்ட அந்த வாசிப்புக்கு என்ன குறை? ஒருத்தியைப் பாழாக்கியதற்கு நல்ல இசைத்தட்டு கிடைத்ததே என்று கணக்கு நேர்செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. மேதை என்றால் எதுவரை பொறுத்துக்கொள்வது என்ற கேள்வியை, படம் எடுத்த ஆலனின் சொந்த வாழ்க்கையை வைத்தும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அது தனிப் பஞ்சாயத்து.

ஜூன் 15, ஞாயிறு

என் பேச்சைக் கேட்டுப் படம் பார்த்த நண்பர் காலையிலேயே போன் செய்தார். எம்மெட் ரேயின் பழைய ரெக்கார்டுகள் எங்கே கிடைக்கும், இணையத்தில் தேடித் தேடி அலுத்துவிட்டது என்றார். அப்படி ஒரு ஆளே கிடையாது என்றேன். "அப்போ அத்தனை பேர் பேட்டி கொடுக்கிறாங்களே?" என்று கோபம். எல்லாம் ஜோடனை என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது. சமாதானத்துக்காக, ஜாங்கோ 1939-இல் பதிவு செய்த 'ஐ'ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்' அனுப்பிவைத்தேன், எம்மெட்டும் படத்தில் வாசிக்கிற பாட்டுதான்.

மத்தியானம் பதில் வந்தது: "நல்லா இருக்கு. இந்த ஆளாவது நிஜமா?"