முப்பது குச்சிகளும் ஒரு காற்றுக்குமிழியும்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய தீபாவளி முறுக்கைக் கடித்தபோது அப்பாவின் கடைவாய்ப்பல் அடைப்பு பாதியாக உடைந்து வந்துவிட்டது. "அடைச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலையேம்மா, எப்ப உடையும்னு முன்னாடியே தெரியாதா?" என்று கேட்டார். அதே பல்நிறக் காம்போசிட்டைத்தான் (ஒளி பட்டதும் இறுகும் அடைப்புப் பசை) நான் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க உடைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பதில் சொல்லத் தெரியவில்லை.

வேலை இதுதான். எஃகு அச்சில் பசையை நிரப்பி, நீல ஒளியில் இறுக வைத்து, 25 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குச்சிகள் செய்ய வேண்டும். அவை 37 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் கிடக்கும். அப்புறம் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து நடுவில் அழுத்துவோம். மெல்லும் பரப்பில் வைக்கும் அடைப்புக்கு ஐஎஸ்ஓ 4049 என்ற சர்வதேசத் தரம் கேட்பது குறைந்தது 80 மெகாபாஸ்கல் வளைவு வலிமை, அதாவது வளைத்து அழுத்தினாலும் உடையாமல் தாங்கும் அளவு. என் 30 குச்சிகளின் சராசரி அதைத் தாண்டியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

சீனியர் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா வாயில இருந்தது சராசரியா?" என்று கேட்டார். பலவீனமானதில் தொடங்கி வரிசையாக அடுக்கி, வைபுல் வரைபடம் போடச் சொன்னார். எந்தச் சுமைக்குள் எத்தனை பங்கு துண்டுகள் உடைந்துவிடும் என்று காட்டும் அது, சுவீடன் பொறியாளர் வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை. கோடு செங்குத்தாக நின்றால் எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே சுமையில் உடைகின்றன என்று பொருள். என் கோடு சாய்ந்து கிடந்தது.

முதலில் உடைந்த குச்சியை நுண்ணோக்கியில் வைத்தேன். இழுவிசை விழும் அடிப்பக்கத்தில் உருண்டையாக ஒரு குழி. அதைச் சுற்றி வழுவழுப்பான வளையம், அதற்கு வெளியே விசிறிபோல விரிந்த கோடுகள். விரிசல் கிளம்பிய இடம் அப்படியே பதிந்திருந்தது. பசையைத் துண்டு துண்டாகத் திணித்தபோது நானே அடைத்துவைத்த காற்று அது. மனசு கனத்துப்போனது. பல்லுக்குள்ளும் இப்படித்தானே நடக்கும்?

அடுத்த முப்பதுக்கு ஒரே உருண்டையாகப் பசையை எடுத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக அழுத்தினேன். சராசரி பெரிதாக மாறவில்லை. ஆனால் கோடு நிமிர்ந்தது, வரிசையின் பலவீனமான முனை மேலே ஏறியது.

சரி, வாய் ஒரே தடவை அழுத்திவிட்டு நிற்பதில்லையே. குறைந்த சுமையானாலும் ஆயிரக்கணக்கான தடவை மெல்லும்போது சின்ன விரிசல் வளரும். சாப்பாட்டின் சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதும் அப்படித்தான். அதனால் இப்போது மூன்றாவது முப்பதைச் சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாற்றி மாற்றி முக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா தினமும் "உடைஞ்சதா?" என்று கேட்கிறார்.