குரூப் 4: தமிழை மூடி வைத்துவிட்டுக் கணக்கைத் திறந்தபோது

தமிழ்நாடு அரசு வேலைக்காகத் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகள் பலர் கணக்கை ஓரங்கட்டிவிடுகிறார்கள். தமிழில் அள்ளிவிடலாம் என்ற தைரியம். தமிழில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, கணக்கு வருகிற திறனறிவில் 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த 25-ஐக் கைகழுவினால் 300-இல் 37.5 போய்விடும். ஒரே கேள்வியில் தரவரிசை எங்கேயோ தள்ளிப்போகிற தேர்வு இது.

எனக்கு ஊர் கானாடுகாத்தான் பக்கம். எனக்கும் தமிழ்தான் பிடித்த பாடம். வீட்டு முகப்பில் உட்கார்ந்து புகழ்பெற்ற நூல், நூலாசிரியர் என்று புரட்டினால் பொழுது போவதே தெரியாது. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் படிக்கும்போது கிடைக்கிற அந்த நிம்மதி மதிப்பெண்ணைக் கூட்டாது. அதனால்தான் காரைக்குடியில் ஒரு படிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம்: யாருக்கு எது வராதோ, அவர்தான் அதைப் போர்டில் போட்டுக் காட்ட வேண்டும்.

எனக்கு வந்தது வட்டிக் கணக்கு. அசல் 5,000 ரூபாய், 8 சதவீதம், 2 ஆண்டுகள். கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? சூத்திரத்தில் போட்டு 32 என்று எழுதினேன். விடை சரி. பின்னாலிருந்து ஓர் அக்கா, “அந்த 32 எங்கேயிருந்து வந்துச்சு, சொல்லுங்க” என்றார். கையில் சாக்பீஸ் நனைந்ததுதான் மிச்சம், வாயைத் திறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் கேட்டேன். ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம் என்று நொடியில் சொல்கிறவர். “முத வருச வட்டியக் கட்டலேல்ல? அதுவும் கடன்தானே, அதுக்கும் வட்டி போடுவாக” என்றார். அவ்வளவுதான். முதல் வருட வட்டி 400. அதற்கு 8 சதவீதம் 32. மறுநாள் அதையே எல்லோர் முன்னும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வரவில்லை.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததையே மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். படிக்கும்போது சுகமாக இருப்பதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

துணிந்து இறங்குவது என்றதும் சிலர் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் அறை எடுக்கக் கிளம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே போயும் அதே தமிழ்ப் புத்தகத்தைத்தான் திறக்கப் போகிறோம் என்றால் மாறியது ஊர் மட்டும்தான். படிக்கிற இடம், நேரம் எதையும் மாற்றாதீர்கள், பாடத்தின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். காலையில் முதல் முக்கால் மணி நேரம் கணக்கு, தமிழ் ராத்திரிக்கு. விழுக்காட்டில் தொடங்குங்கள், வட்டிக்கும் அதுதான் அடிப்படை. 6 முதல் 10 வரையிலான பள்ளிக் கணக்குப் புத்தகங்களே போதும். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன.

சாயங்காலம் கடைசி பஸ்ஸை நினைத்து வட்டத்துக்கு வர முடியாத தங்கைகள் ஒரு தோழியைப் போனில் பிடித்து, ஒரு கணக்கை வாய்விட்டு விளக்குங்கள். அவர் ‘ஏன்’ என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காத தோழியால் பயனில்லை.

கணக்கு கைக்கு வந்ததும், அடுத்து பயமாக இருக்கும் பகுதியை அந்தக் காலை நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். எனக்கு அது பொருளாதாரமாக இருந்தது. இப்போது இளநிலை உதவியாளர் வேலையில் இருந்துகொண்டே குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு விரிவாக எழுதிப் பழகுகிறேன். எழுதியதை வட்டத்தில் ஓர் அண்ணனிடம் திருத்தக் கொடுக்கிறேன். பாதிப் பக்கம் சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறது.