தொழுவத்துப் பூனைகளும் நான்கு வாரக் கூண்டும்

பென்சில்வேனியாவில் நாங்கள் வாங்கிய சிறு பண்ணையில் ஆறு ஆடுகளும் பத்துப் பன்னிரண்டு கோழிகளும் இருக்கின்றன. ஆடுகள் அடையும் தொழுவம், உலர்புல் அடுக்கும் பரண், தீவன மூட்டைகள் வைக்கும் அறை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் அமைந்த பழைய மரக்கட்டடத்தை இங்கே பார்ன் என்கிறார்கள். நாங்கள் குடிவந்த முதல் இலையுதிர் காலத்திலேயே எலிகள் மூட்டைகளை அடியிலிருந்து கொறித்துத் துளைத்துவிட்டன. விஷம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் நரிக்கும் அந்த விஷம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விலங்குக் காப்பகத்தில் பண்ணைக்கென்றே பூனைகள் தருகிறார்கள் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்ன பிறகுதான் இந்த வழி எங்களுக்குத் தெரிந்தது.

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பழகாத குட்டி, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மனிதரைக் கண்டு ஒதுங்கும். அப்படி வளர்ந்து, சோறு வைப்பவரை மட்டும் தூரத்திலிருந்து ஏற்றுக்கொள்ளும் அரைக்காட்டுப் பூனைகள், மடியில் உறங்கும் பூனையைத் தேடி வருபவர்களின் கண்ணில் படாமல் காப்பகக் கூண்டின் கடைசி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வீட்டுக்கு ஆகாதவை என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய பூனைகள் எத்தனையோ கொல்லப்பட்டிருக்கின்றன. இப்போது பல காப்பகங்கள் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதின் நுனியைச் சிறிது வெட்டி, குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ பண்ணைகளுக்கு அனுப்புகின்றன. தனியாகத் தருவதில்லை, குறைந்தது இரண்டாகத்தான் தருவார்கள். செலவில்லாத எலிப்பொறி கிடைக்கிறது என்று எண்ணுபவர்களுக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

முதலில் வந்த இரண்டை நான் இழந்தேன். மூன்று வாரமாவது அடைத்து வையுங்கள் என்று காப்பகத்தில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இரவெல்லாம் அவை கத்துவதைக் கேட்டு மனம் பொறுக்காமல், ஒன்பதாவது நாள் காலையில் கூண்டைத் திறந்துவிட்டேன். இரண்டும் சுவரோரமாக ஓடி மறைந்தன. அன்று மாலை வைத்த உணவு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. பூனையின் பற்று முதலில் இடத்தின் மீதுதான். புதிய இடத்தின் வாசனையும் ஓசைகளும் உடம்பில் ஊறுவதற்கு முன் திறந்துவிட்டால், அது தன் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு, சாலையிலோ, கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்கின் வாயிலோ முடிந்துபோகிறது. நான் இரக்கம் என்று நினைத்துச் செய்தது அவற்றின் உயிருக்கே கேடாயிற்று. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் வந்தவை, சாம்பல் நிறக் கடுவன் ஒன்றும், கருப்பும் செம்மையும் கலந்த பெட்டை ஒன்றும். இம்முறை தீவன அறையில் பெரிய நாய்க்கூண்டை வைத்து, உள்ளே மணல் தட்டும், ஒளிந்துகொள்ள வாயில் வெட்டிய மரப்பெட்டியும் வைத்து, மூன்று பக்கமும் பழைய போர்வையால் மூடினேன். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் தகர டப்பாவைக் கரண்டியால் மூன்று முறை தட்டிவிட்டு உணவு வைத்தேன். கண்ணோடு கண் பார்க்காமல் பக்கவாட்டில் அமர்ந்து, ஆடுகளோடு பேசும் குரலிலேயே அவற்றோடும் பேசினேன். முதல் வாரம் முழுவதும் பெட்டை என்னைப் பார்த்துச் சீறியது. பதினேழாம் நாள், நான் தட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் பெட்டியின் வாயிலில் அதன் மூக்கு தெரிந்தது. காதுகள் பின்னால் மடிந்திருந்தாலும் வாய் சீறவில்லை. என் விரல்களை ஒருமுறை முகர்ந்துவிட்டு உள்ளே போய்விட்டது. இருபத்தெட்டாம் நாள் உணவு வேளைக்குச் சற்று முன், பசித்திருக்கும்போது, கூண்டைத் திறந்தேன். டப்பா ஓசை கேட்டதும் இரண்டும் திரும்பி வந்தன.

எலி பிடிக்க வேண்டுமென்று பூனையைப் பட்டினி போடுவது கொடுமை. அதனால் பயனும் இல்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், பசித்த பூனையோ உணவு தேடி வேறிடம் போய்விடும். ஆனால் மீந்ததை இரவில் விட்டுவைத்தால் ரக்கூன் என்னும் இரவில் இரை தேடும் விலங்குகள் வரும் என்பதால், இருட்டும் முன் தட்டை எடுத்துக் கதவையும் அடைத்துவிடுகிறேன். குளிர்காலப் பெட்டிக்குள் வைக்கோல்தான் போட வேண்டும். உலர்புல் ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்துவிடும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகளுக்குக் கருச்சிதைவு நேரக்கூடும் என்பதால், தீவனம் அனைத்தையும் மூடியுள்ள தகரத் தொட்டிகளுக்கு மாற்றினோம். உண்மையைச் சொன்னால், எலிகள் குறைந்ததில் அந்தத் தொட்டிகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் பெரிய எலிகளிடையே பூனைகளைக் கண்காணித்து 2018இல் வெளியான ஆய்வில், 79 நாட்களில் அவை கொன்றது இரண்டே இரண்டு எலிகளைத்தான். எங்கள் பூனைகள் பிடிப்பதும் பெரும்பாலும் சுண்டெலிகளையே.

கறந்த பாலைத் தொழுவத்துப் பூனைக்கு ஊற்றும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. 2024இல் டெக்சாஸின் ஒரு பால் பண்ணையில், பறவைக் காய்ச்சல் தொற்றிய மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த இருபத்து நான்கு பூனைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் ஆட்டுப் பாலையும் அவற்றுக்கு வைப்பதில்லை.

அடுத்த மாதம் இரண்டுக்கும் ரேபிஸ் ஊசி மறுபடி போட வேண்டும். கையால் தூக்க முடியாது என்பதால், பொறிக்கூண்டின் கதவைக் கம்பியால் திறந்தபடியே கட்டி, ஒரு வாரமாக அதற்குள்தான் உணவு வைக்கிறேன். கடுவன் முழுவதுமாக உள்ளே போய்த் தின்கிறது. பெட்டை இன்னும் பின்னங்கால்களை வெளியே வைத்துக்கொண்டே எட்டித் தின்கிறது. தட்டை நாளுக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.