உலோகத்தைக் காற்று என்று படிக்காதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் அக்குபஞ்சர் படிக்கிறவர்களின் நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஐந்து வட்டம் இருக்கும். நெருப்பு, நிலம், காற்று, நீர், ஆகாயம். சிலர் ஆகாயத்தின் பக்கத்தில் சின்னதாக ‘மரம்’ என்று எழுதியிருப்பார்கள். சீன மூலத்தில் காற்றும் இல்லை, ஆகாயமும் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இவைதான் ஐந்து. நுரையீரல் உலோகத்துக்கு உரியது. மூச்சு என்றதும் நமக்குக் காற்று ஞாபகம் வருவதால் உலோகம் காற்றாகிவிட்டது. எளிதாகப் புரியட்டும் என்று செய்ததுதான். ஆனால் அதோடு கணக்கே குலைந்துபோகிறது.

உலகம் எதனால் ஆனது என்று சொல்வது பஞ்சபூதம். சீனத்தில் ‘வூ ஷிங்’ என்கிறார்கள். ‘ஷிங்’ என்றால் நடத்தல், செல்லுதல். ஐந்து பொருள் அல்ல, ஐந்து நடை. எது எதைப் பிறப்பிக்கும், எது எதை அடக்கும் என்பதுதான் அங்கே பேச்சு. காசிமேட்டில் மரப்படகு பழுதுபார்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பாதிச் சுற்று கண்ணில் பட்டுவிடும். உளி மரத்தைச் செதுக்குகிறது: உலோகம் மரத்தை அடக்கும். அந்த உளியை உலையில் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள்: நெருப்பு உலோகத்தை அடக்கும். விழுந்த சிராய் அடுப்புக்குப் போய் எரிகிறது, மிஞ்சும் சாம்பல் மண்ணோடு மண்ணாகிறது. மண்ணிலிருந்து உலோகம் எடுக்கிறோம். உலோகத்திலிருந்து நீர் எப்படி? மார்கழி விடியலில் தகரக் கூரையைத் தடவிப் பாருங்கள், கை நனையும். நீர் மரத்தை வளர்க்கிறது, சுற்று முடிந்தது. இப்போது ‘காற்று ஆகாயத்தை வெட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். இதை எதைக் கொண்டு மனதில் நிறுத்துவது?

எந்தப் புள்ளியில் ஊசி போடுவது என்று தேர்வு செய்வதே இந்தச் சுற்றை நம்பித்தான். ஒவ்வோர் உறுப்புக்கும் உடலில் ஒரு பாதை; அதில் ஐந்துக்கும் ஆளுக்கொரு புள்ளி. ‘நான் ஜிங்’ என்ற பழைய சீன மருத்துவ நூலின் 69ஆம் பகுதி சொல்லும் விதி சின்னது: குறைந்திருந்தால் தாயை ஊட்டு, மிகுந்திருந்தால் சேயை வடி. சுற்றில் பிறப்பிப்பது தாய், பிறப்பது சேய். ஊட்டுவது என்றால் வலுவேற்றுவது, வடிப்பது என்றால் மிகுதியைக் குறைப்பது. நுரையீரலையே எடுத்துக்கொள்வோம். குரல் சன்னம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சும்மா இருந்தாலே வியர்க்கிறது, நாடி மெலிவு. இதைக் குறைவு என்கிறோம். உலோகத்தின் தாய் மண். நுரையீரல் பாதையில் மண் புள்ளி எல்யூ 9 (எல்யூ நுரையீரல் பாதையின் சுருக்கம், 9 புள்ளியின் எண்). மண்ணுக்கு உரிய மண்ணீரல் பாதையில் மண் புள்ளி எஸ்பி 3. இரண்டையும் ஊட்ட வேண்டும். அதுவே நெஞ்சு நிறையச் சளியும் முரட்டு இருமலும் துள்ளும் நாடியுமாக இருந்தால் மிகுதி. உலோகத்தின் சேய் நீர். நுரையீரல் பாதையின் நீர்ப் புள்ளி எல்யூ 5, அதை வடிக்க வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் ஊசி எடுப்பதற்கு முன் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோயை எல்யூ 9 தீர்க்காது. ‘உங்கள் மண்ணீரல் பலவீனம்’ என்று நோயாளியிடம் மொட்டையாகச் சொல்வதும் தவறு. அவர் ஸ்கேன் எடுக்க ஓடுவார். சீன முறையில் மண்ணீரல் என்பது செரிமான வேலைக்கு வைத்த பெயர். வயிற்றின் இடப்பக்கம் இருக்கும் அந்த உறுப்பு மட்டும் அல்ல.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடம் யின், யாங் பாதைகளின் வரிசை. பாதைகளை இப்படி இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்; நுரையீரலும் மண்ணீரலும் யின். யின் பாதையில் விரல் நுனியிலிருந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். யாங் பாதையில் உலோகம், நீர், மரம், நெருப்பு, மண். பெருங்குடல் யாங். அதன் சுருக்கம் எல்ஐ. அதன் ஐந்து புள்ளிகள் எல்ஐ 1, 2, 3, 5, 11. நாலாவது இதில் சேராது. அது ‘மூலப் புள்ளி’ என்ற வேறு வகை. பெருங்குடலும் உலோகம்தான், ஆகவே குறைவுக்குத் தாய் மண், அதாவது எல்ஐ 11. யின் வரிசையை நினைத்துக்கொண்டு எண்ணுகிறவர் எல்ஐ 3இல் குத்திவிட்டு, பலன் இல்லையே என்பார். அவர் தொட்டது மரத்தை.

எல்யூ 9ஐப் பிடிப்பது இப்படி. உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மணிக்கட்டுக் கோட்டில், கட்டைவிரல் பக்கம், நாடித் துடிப்பை ஒரு விரலால் தேடுங்கள். துடிப்புக்கு வெளிப்புறம், கட்டைவிரல் பக்கமாக இருக்கும் பள்ளம்தான் புள்ளி. தமனியை விரலால் மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு 13 மி.மீ. ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். 0.3 சுன் போதும்; நோயாளியின் கட்டைவிரல் கணுவின் அகலம்தான் 1 சுன், உங்கள் விரலின் அகலம் அல்ல. கனமாக, மந்தமாக, உள்ளே இழுப்பதுபோல இருக்கிறது என்றால் சரி. சுரீரென்று விரலுக்கு ஓடினால் நரம்பு. அப்படியே திருகாமல் பின்னே இழுங்கள். எடுத்ததும் உலர்ந்த பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கூடுதலாக.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் தோள் வலி என்று வந்தால் கை தானாகப் பித்தப்பைப் பாதையின் ஜிபி 21க்குப் போகும். கழுத்தடி முள்ளெலும்புக்கும் தோள் முனைக்கும் நடுவில் இருக்கிறது. நேர் கீழே நுரையீரலின் உச்சி. அரை சுன்னுக்கு மேல் இறக்கவே கூடாது. ஒல்லியானவருக்குத் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துச் சாய்வாக இறக்குங்கள். நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்தால் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். அப்படி வந்தால் நேரே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவு. எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளி வேண்டவே வேண்டாம்.

விடியற்கால மீன் ஏலத்தை முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறவர்களை உட்காரவைத்துக் குத்தாதீர்கள். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்தால் மயக்கம் வரப்போகிறது. எல்லா ஊசியையும் எடுத்து, படுக்கவைத்து, காலை உயர்த்துங்கள். தெளிந்த பிறகு சூடாக ஏதாவது குடிக்கட்டும். முதலில் இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லி, அரை மணி கழித்துப் படுக்கவைத்தே ஆரம்பித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஊசி முறிந்தால் பெரும்பாலும் பிடியும் உடலும் சேரும் இடத்தில்தான் முறியும். அதனால் கால் பாகமாவது தோலுக்கு வெளியே நிற்க வேண்டும். குத்தும்போது எத்தனை என்று எழுதி, எடுக்கும்போது எண்ணிச் சரிபார்த்து, வெள்ளை நிறக் கூர்ப்பொருள் டப்பாவில் போடுங்கள்.