அப் இன் தி ஏர்: அந்தக் கவருக்குள் என்ன இருக்க வேண்டும்?

ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதுதான் ‘அப் இன் தி ஏர்’ படத்தின் நாயகன் ரயன் பிங்ஹாமின் வேலை. ஊழியர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாத கம்பெனிகள் அவனைக் கூலிக்கு அழைக்கின்றன. வருடத்தில் 322 நாள் ஊர் ஊராகப் பறக்கிறான். விமானக் கணக்கில் ஒரு கோடி மைல் சேர்ப்பது லட்சியம். ஜேசன் ரைட்மன் இயக்கி 2009-இல் வந்த இந்தப் படத்தை பெங்களூருவின் அவுட்டர் ரிங் ரோட்டிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஜார்ஜ் க்ளூனி அருமையாக நடித்திருக்கிறார்தான். ஆனால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் முகங்கள்தான் படத்தின் உயிர்.

அவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் அல்ல. நிஜமாகவே வேலை போனவர்களைத் தேடி செயின்ட் லூயிஸிலும் டெட்ராய்ட்டிலும் விளம்பரம் கொடுத்து, ஆவணப்படம் என்று சொல்லி வரவழைத்தார்கள். முதலில் நடந்ததைப் பேசவிட்டு, பிறகு கேமரா முன் மறுபடி வேலைநீக்கம் செய்தார்கள். அன்று சொன்னதையே சொல்லலாம், சொல்ல முடியாமல் விழுங்கியதையும் சொல்லலாம். அப்படி 22 பேர் படத்தில் வருகிறார்கள். குரல் உடைகிற இடங்களில் எழுதிக் கொடுத்த வசனத்தின் வாடையே இல்லை.

செலவை மிச்சம் பிடிக்க வீடியோ காலிலேயே ஆளை நீக்கலாம் என்று யோசனை சொல்கிறாள் புதிதாகச் சேர்ந்த நாடலி. டெட்ராய்ட்டில் வெள்ளோட்டம். பெரியவர் ஒருவர் திரையில் உடைந்து அழுகிறார். நாடலி இருப்பது பக்கத்து அறையில். நடுவில் ஒரே ஒரு சுவர். அன்று பார்க்கவே கூசிய அந்தக் காட்சி, கொரோனாவுக்குப் பிறகு இங்கே பல ஆபீஸ்களில் நடைமுறையாகிவிட்டது. காலையில் 15 நிமிட மீட்டிங் அழைப்பு வரும். முடிவதற்குள் லேப்டாப் லாக் ஆகிவிடும்.

ரயன் எல்லோரிடமும் ஒரு கவரை நீட்டுகிறான். நம் கையில் இருக்க வேண்டிய கவரை முன்கூட்டியே நாமே தயார் செய்துவிடலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) மூன்றையும் சொந்த மெயிலில் வையுங்கள்; கம்பெனியின் கோப்புகளைத் தொடாதீர்கள். யுஏஎன்னில் (பிஎஃப் கணக்குக்கான அடையாள எண்) சொந்த மொபைல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு நடக்கும்போதே ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்; உங்களுக்கு வர வேண்டிய பணத்தின் கணக்கை எழுத்தில் கேட்டு, படித்துப் பார்க்க அவகாசம் வாங்குங்கள். நாமே விலகியதாகிவிட்டால், பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது பிடிமானம் போய்விடும்.

நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 52,000, சர்வீஸ் 6 வருடம் என்றால், 52,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 30,000; ஆறு வருடத்துக்கு 1,80,000 ரூபாய். பிஎஃப் பணம் பலருக்குச் சிக்குவது, கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதியாமல் விடுவதால். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழிந்தால், ஆதார் ஓடிபி வைத்து நாமே போர்ட்டலில் பதியலாம்.

கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடான குரூப் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவும் அதில்தான் என்றால், அந்தக் காப்பீடு முடியும் முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தனிப் பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள். அப்படி மாற்றினால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்த வருடங்கள் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.