ஜிப்ஸிக்கு முதலில் எதை மாற்றுவது?

காரைக்குடி பக்கம் சேற்றிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டப் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வாங்குகிற தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வண்டி உயரத்தை எத்தனை இஞ்ச் தூக்கலாம்?"

தூக்குவது அப்புறம். முதலில் டயர். நம்ம செம்மண் காய்ந்து கிடந்தால் எந்த வண்டியும் போகும். மழைக்குப் பிறகு கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள், சாதாரண டயரின் வரிகளில் சேறு அப்பி வழவழவென்று ஆகிவிடும். மட் டயர் சுழலும்போதே சேற்றை உதறும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும்தான். ஆனால் டயரின் பக்கவாட்டு பிதுங்கும். சீமைக்கருவேல முள் அதற்குத்தான் காத்திருக்கிறது!

ஜிப்ஸிக்கு நாலு பக்கமும் கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். கூடுதல் பிளேட் செருகினால் வண்டி உயரும், கூடவே விறைத்தும் போகும். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல்; இரண்டையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுவது லாக்கர். லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம்தான் சுற்றும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். என்னைக் கேட்டால், தூக்குகிற காசை லாக்கருக்குப் போடலாம்.

ரொம்பப் பெரிய டயரும் வேண்டாம், 1.3 லிட்டர் எஞ்சின் திணறும். சரி, எதை மாற்றுவதானாலும் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.