காதலுக்கும் வீட்டுக்கும் நடுவே: கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக் கதைக் குறிப்புகள்

ஜூன் 3

காதல் கதையில் அப்பா கையில் அரிவாளைக் கொடுத்தால் கதை அங்கேயே படுத்துவிடும். அப்படிப்பட்டவரை விட்டு ஓடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? மகளைக் கட்டிப்போடுவது பயமல்ல, பட்ட கடன். அவள் நர்சிங் ஃபீஸுக்கு விற்ற கறவை மாடு, அதற்கப்புறம் பால் சொசைட்டியில் பாதியாகிவிட்ட பட்டுவாடா, தங்கைக்கு வந்துகொண்டிருக்கும் வரன். மூன்றையும் காதலன் வரும் முன்பே காட்டிவிடணும். பிறகு சொன்னால் சாக்காகத்தான் படும்.

ஜூன் 5

சங்க இலக்கியமான ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை (பிரிவைப் பாடும் திணை), அதில் கடைசி 30 பாட்டு. மகள் காதலனோடு உடன்போனபின் தாய் இரங்கும் பத்து, இடைச்சுரத்தில், அதாவது போகும் காட்டுவழியில், பேசும் பத்து, திரும்பி வரும் மறுதரவுப் பத்து. நம் எழுத்தாளர்கள் ஜோடியைப் பஸ் ஏற்றிவிட்டதோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். மறுதரவை எழுதத்தான் யாருமில்லை.

ஜூன் 6

காலையில் ஓட்டம், மதியம் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை. இந்தக் காட்சி பெரும்பாலும் தப்பு. இருவரும் வேறு மதம் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்: ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்கணும். சாட்சி மூன்று பேர். எழுதுகிறவருக்கு இது வரம்! அந்த ஒரு மாதமும் அவள் அம்மா கையால்தான் சாப்பிடுகிறாள்; நோட்டீஸோ ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. மூன்றாம் சாட்சியாக, அவளுக்கென்று பேசிவைத்த தாய்மாமன் மகனையே கையெழுத்துப் போட வைத்துப் பாருங்கள்.

இருவரும் இந்து என்றால், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட் உதவும். இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கான 1967 திருத்தம் தமிழ்நாட்டுக்கு மட்டும். அங்கே உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும், புரோகிதர் வேண்டாம். இந்தக் கேரளப் பக்கம் அந்த வசதி இல்லை.

ஜூன் 9

அப்பாவுக்கு நெஞ்சுவலி வரவைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வந்ததும் முடிவு மகள் கையைவிட்டுப் போய்விடும்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதைக் காட்ட அழுகையும் வேண்டாம். நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், "ரெண்டு வாய் சாப்புட்டுப் போ கண்ணு" என்றால் போதும். 5,000 சொல் சிறுகதையில் இந்த இடத்துக்கு 300 சொல் ஒதுக்கலாம். கூடினால் சீரியல் வாடை அடிக்கும்.